மூச்சு வாங்கும் வண்டி

டாக்ஸி ஸ்டாண்டில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சைலன்சர் என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். அவர் முதன்முதலில் வாங்கிய பழைய டீசல் காரில் சைலன்சர் ஓட்டை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தத்தை வைத்தே அவருடைய மனைவி சாப்பாட்டைச் சூடு பண்ணத் தொடங்கிவிடுவாள். அப்புறம் நல்ல வண்டிகளாகத்தான் வாங்கினார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய வாயும் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

அப்படிப்பட்டவரைச் சத்தமே போடாத ஒரு வண்டியில் உட்காரவைத்தவள் அவருடைய மச்சினி.

மச்சினி என்றால் மனைவியின் தங்கை. கார் கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் எஞ்சினியர். ஹைட்ரஜனில் ஓடும் கார் ஒன்றை அவர்கள் தயார் செய்திருந்தார்கள். சமவெளியில் ஓட்டிப் பார்த்தாயிற்று. இனி மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

"மலையில ஓட்டிப் பழகின ஆள் வேணும் மாமா. வாயைத் திறக்காம ஓட்டுற ஆளாத் தேடினோம். கிடைக்கல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"எஞ்சினியரம்மா வீடு தேடி வந்து கேக்குறப்ப மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்றார் சைலன்சர். உள்ளுக்குள் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனைவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "ஹைட்ரஜன்னா பலூனுக்குள்ள அடைச்சு வெடிக்குமே, அதுதானே? பாமுக்கு மேல உக்காந்து போகச் சொல்றியாடி இவரை?"

"ஏன்க்கா, இத்தனை வருஷமா இவர் உக்காந்து போன பெட்ரோல் என்ன பன்னீரா?" என்றாள் தங்கை. அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் நாள் மச்சினி அவரைச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். பளிச்சென்ற சாம்பல் நிறத் தரை. எண்ணெய்க் கறையும் இல்லை, கிரீஸ் நாற்றமும் இல்லை. கூரைக்கு அடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கருவிகள் தொங்கின.

"கேஸ் கசிஞ்சா நேரா மேலதான் போகும். அதைவிட லேசானது எதுவும் இல்ல. அதான் மோப்பம் பிடிக்கிற மூக்கை மேல வச்சிருக்கோம்" என்றாள்.

காரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். காத்திருந்தார். மறுபடியும் அழுத்தப் போனார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஸ்டார்ட் ஆகல."

"அப்பவே ஆயிடுச்சு. இப்ப அழுத்தினா ஆஃப் ஆகும்."

சைலன்சருக்கு அது பிடிக்கவே இல்லை. வண்டி என்றால் ஒரு உறுமல் வேண்டும், உட்காரும் இடத்தில் ஒரு நடுக்கம் வேண்டும். வண்டிக்கு என்ன உடம்பு என்பதை அவர் காதாலும் முதுகாலும்தான் கண்டுபிடிப்பார். இதுவோ தேமே என்று கிடந்தது. மச்சினி உட்கார்ந்து விளக்கினாள். டேங்கில் ஹைட்ரஜன் இருக்கிறது. முன்பக்கமாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. நடுவில் நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகள் அடுக்கி வைத்த ஒரு பெட்டி. ஒவ்வொரு தகட்டுக்கும் இடையில் ஜவ்வு மாதிரி ஒரு படலம். அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜன். இரண்டும் சேருகிறபோது கரண்ட் பிறக்கிறது. மோட்டார் ஓடுகிறது.

"எரியறதே இல்லையா?"

"தீயே கிடையாது மாமா."

"அப்ப புகைக்குழாய் எதுக்கு?"

"தண்ணி வரதுக்கு."

இதை ஸ்டாண்டில் போய்ச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. அன்றிலிருந்து அவருடைய காருக்குத் தண்ணி வண்டி என்று பெயராகிவிட்டது. "என்ன சைலன்சர், இன்னிக்கும் தண்ணியிலதான் இருக்கீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தண்ணீர் ஊற்றி ஓட்டுவதில்லை, ஓடி முடித்துத் தண்ணீர் விடுகிறது என்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்தார். யார் காதில் விழுகிறது?

உண்மையைச் சொன்னால், மச்சினி சொன்னது அவருக்கும் புத்தியில் ஏறியதே தவிர மனசில் இறங்கவில்லை. பாடம் கேட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். 'நல்ல வண்டிதான், ஆனா உயிரில்லாத வண்டி' என்று மனைவியிடம் சொன்னார்.

மலைக்குப் போன அன்று காலையில் வெயில் நன்றாக அடித்தது. அதற்கு முந்தைய நாட்களில் பெய்த மழையில் பாதையோரம் எங்கும் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. மச்சினி பக்கத்து இருக்கையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். ஏற ஏறக் காற்று மெலியும். மெலிந்த காற்றில் இந்த வண்டி எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்பதைத்தான் அவள் பார்க்க வந்திருந்தாள்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்தது. வளைவுக்கு வளைவு அது கூடிக்கொண்டே போனது.

"இது என்ன சத்தம்?" சைலன்சர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"காத்தை உள்ள இழுக்குற கம்ப்ரஸர். கீழ இருந்தப்ப போதுமா இருந்த காத்து இங்க பத்தல. அதான் வேகமா இழுக்குது. நமக்கு மேல வந்தா மூச்சு வாங்குதுல்ல, அதே கதைதான்."

"மூச்சா வாங்குது?" என்றார் சைலன்சர். முதல்முறையாக அந்த வண்டிமேல் அவருக்கு லேசாக ஒரு பரிவு வந்தது. கியர் இல்லாத வண்டியில் பழக்கதோஷத்தில் கையைக் கீழே கொண்டுபோய், ஒன்றும் அகப்படாமல் திரும்பக் கொண்டுவந்தார்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போது முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. அதற்கும் முன்னால் எங்கோ மலை பொருமியது போல ஒரு சத்தம். அப்புறம் புழுதி. சரிவின் ஒரு துண்டு, மரமும் பாறையுமாகப் பெயர்ந்து பாதையில் உட்கார்ந்துவிட்டது. தெய்வாதீனமாக யாருக்கும் அடிபடவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் கீழ் வளைவிலும் மண் சரிந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டே வந்தார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நடுவில் மாட்டிக்கொண்டவை ஒரு டஜன் வண்டிகள்.

சைலன்சருக்கு இதெல்லாம் புதிதல்ல. ஃபிளாஸ்க்கைத் திறந்து மச்சினிக்கு டீ ஊற்றிக்கொடுத்துவிட்டுப் பழைய மண்சரிவுக் கதை ஒன்றை ஆரம்பித்தார். அப்போது பக்கத்துக் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டல்.

பின்னால் நின்ற வெள்ளைக் காரிலிருந்து வந்த பெண். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணே, பக்கத்துல எங்கயாவது வீடு இருக்கா? கடை இருந்தாலும் பரவால்ல. கரண்ட் இருக்கணும்."

"இந்த உச்சியில ஏதும்மா வீடு? என்ன விஷயம்?"

"அப்பாவுக்கு நுரையீரல் சரியில்ல. மெஷின் வச்சுத்தான் மூச்சு விடறார். தோள்ல மாட்டுற சின்ன மெஷின்ல சார்ஜ் தீரப் போகுது. அதைக் கார்ல சொருகுற வயரை மறந்துட்டு வந்துட்டேன். பெரிய மெஷின் டிக்கியில இருக்கு. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அதனால எடுத்துட்டு வந்தேன். ஆனா அதைச் சுவத்துல சொருகினாத்தான் ஓடும்..."

அவள் முடிப்பதற்குள் மச்சினி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"எங்க வண்டியில பிளக் பாயின்ட் இருக்கு. வீட்டுல இருக்குற மாதிரியே. அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. "பேட்டரிதானே? எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பேட்டரி சின்னது, அது சும்மா துணைக்கு. இந்த வண்டியே ஒரு கரண்ட் ஃபேக்டரி மாதிரி. இந்த மெஷினை மட்டும் ஓட்டுறதுன்னா நாளைக்கு இந்நேரம் வரைக்கும் கூட ஓட்டும்."

பெரியவரைச் சைலன்சரும் லாரி டிரைவரும் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். நெடுநெடுவென்ற உருவம். ஒரு காலத்தில் கால்பந்து ரெஃப்ரியாக இருந்தவராம். தொண்ணூறு நிமிடமும் மைதானம் முழுக்க ஓடிய மனிதர், இப்போது பத்தடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மகள் பெரிய மெஷினைப் பின்னிருக்கைக்கு முன்னால் கீழே வைத்தாள். மச்சினி வயரை வாங்கிச் சொருகினாள். மெஷின் ஒரு தடவை பீப் என்றது. அப்புறம் புஸ்... புஸ்... என்று சீராக ஊதத் தொடங்கியது. குழாயை மூக்கில் மாட்டியதும் ரெஃப்ரி கண்ணை மூடிக்கொண்டார். உதட்டில் நிறம் திரும்புகிற வரைக்கும் யாரும் எதுவும் பேசவில்லை. சைலன்சர்கூட.

கண்ணைத் திறந்ததும் ரெஃப்ரி கேட்ட முதல் கேள்வி: "எஞ்சின்... போடலையா?"

"ஓடிட்டிருக்கு சார்" என்றார் சைலன்சர்.

"சத்தமே... காணோம்."

"நானும் முதல் நாள் இதையேதான் கேட்டேன்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் திரையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. மச்சினி குனிந்து பார்த்தாள். கம்ப்ரஸரின் ரீங்காரம் இப்போது கீச்சென்று மாறியிருந்தது. மலைச்சரிவின் புழுதி இன்னும் அடங்கவில்லை. போதாததற்கு, குளிருக்காக முன்னாலும் பின்னாலும் எல்லாரும் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றார்கள். லாரியின் கரும்புகை நேராக இவர்கள் பக்கம்தான் வந்தது.

"காத்து வடிகட்டி அடைக்குது மாமா. இதுக்குச் சுத்தமான காத்து வேணும். புகையை இழுத்தா உள்ள இருக்குற தகடெல்லாம் கெட்டுப்போகும். நான் வடிகட்டியைக் கழட்டித் தட்டுறேன். அதுவரைக்கும் துணை பேட்டரி தாங்கும். நீங்க போய் எஞ்சினை எல்லாம் நிறுத்தச் சொல்லுங்க."

சைலன்சர் லாரிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"அண்ணே, எஞ்சினைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. ரெண்டு பேருக்கு மூச்சு முட்டுது."

"ரெண்டு பேரா? ஒருத்தரைத்தானே தூக்கிட்டுப் போனோம்?"

"ஒண்ணு அந்தப் பெரியவர். இன்னொண்ணு என் வண்டி."

லாரி டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காலங்காத்தாலயே போட்டுட்டீங்களா? இந்தக் குளிர்ல எஞ்சினை நிறுத்திட்டு நான் விறைச்சுப் போகவா?"

வேறு நாளாக இருந்தால் சைலன்சர் அங்கேயே பெரிய சண்டை வளர்த்திருப்பார். அன்று அவருக்கு வாய் எழவில்லை. பனிக்கால விடியலில் சவாரிக்குக் காத்திருந்தபோதெல்லாம், எத்தனை வீட்டு ஜன்னலுக்குக் கீழே அவரும் இதே மாதிரி எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்!

"சண்டை போட வரல. சும்மா வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வந்து பார்த்தார் லாரி டிரைவர். பின்னிருக்கையில் ரெஃப்ரி. புஸ், புஸ் என்று மெஷின். அதிலிருந்து போகும் வயரைக் கண்ணால் தொடர்ந்தார். அது காரிலேயே போய் முடிந்தது. ரெஃப்ரி அவரைப் பார்த்ததும், மெல்லக் கையைத் தூக்கி, இல்லாத மஞ்சள் அட்டை ஒன்றைக் காட்டினார். லாரி டிரைவர் சிரித்தேவிட்டார். திரும்பிப் போய் எஞ்சினை நிறுத்தினார். அதோடு நிற்கவில்லை. வரிசையில் இருந்த ஒவ்வொரு வண்டியிடமும் போய், "நிறுத்துங்க, நிறுத்துங்க, ஒருத்தர் உயிர் இருக்கு" என்று அதட்டினார். தன்னுடைய தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு வந்து, புழுதி வருகிற பக்கமாக லாரிக்கும் பாறைக்கும் நடுவே இழுத்துக் கட்டினார்.

கடைசி எஞ்சினும் நின்றதும் மலை தன்னுடைய சத்தங்களோடு திரும்பி வந்தது. எங்கோ நீர் கசியும் ஒலி. ஒரு பறவை. மச்சினி வடிகட்டியைத் தட்டி, துடைத்து, திரும்ப மாட்டினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. ரீங்காரம் பழையபடி இறங்கியது.

சைலன்சர் பின்பக்கம் வந்து குந்தினார். புகைக்குழாயின் வாயிலிருந்து துளித்துளியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் இன்று உள்ளங்கையை நீட்டி ஒரு துளியை ஏந்தினார். அந்தக் குளிரில் அது வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணீர்த்துளி போலத் தெளிவு. முகர்ந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. டீசல் குழாய்க்குப் பின்னால் குந்தியிருந்தால் இந்நேரம் இருமி இருமிக் குடல் வெளியே வந்திருக்கும்.

"ஏம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "இந்தத் தண்ணி இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?"

மச்சினி கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து குந்தினாள். "எங்கயும் இல்ல மாமா. தண்ணியாவே இல்ல. ஒரு பங்கு டேங்க்ல கேஸா இருந்துச்சு. இன்னொரு பங்கு இந்தக் காத்துல இருந்துச்சு. உங்க கையில விழறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் தண்ணியாச்சு. இன்னும் ஒரு ஆறும் பாக்காத தண்ணி, ஒரு மேகமும் பாக்காத தண்ணி."

"அந்தச் சேர்க்கையிலதான் கரண்ட் வருது?"

"ஆமா."

"அந்தக் கரண்ட்லதான் அந்த மெஷின் அவருக்கு மூச்சு குடுக்குது."

"அதுவும் இதே காத்துல இருந்துதான் ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்குது. அவருக்கும் அதுதான் வேணும், நம்ம வண்டிக்கும் அதுதான் வேணும்."

சைலன்சர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுமே இல்லாத வெறும் வெளி. அதிலிருந்து ஒரு பங்கை வண்டி இழுக்கிறது, இன்னொரு பங்கை மெஷின் இழுக்கிறது. ஒரு பக்கம் மனிதன் மூச்சு விடுகிறான், மறுபக்கம் தண்ணீர் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது. நாற்பது வருஷமாக அதற்குள்ளேதான் அவர் வண்டி ஓட்டியிருக்கிறார். கையை மூடிக்கொண்டால் துளி சிந்திவிடுமே என்று அப்படியே வைத்திருந்தார்.

"என்ன மாமா, பேச்சையே காணோம்?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலத்துக்குள் மேல்பக்கத்திலிருந்து மண்வாரி இயந்திரம் வந்து, ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வழி பண்ணிக்கொடுத்தது. முன்னால் நின்ற வண்டிகளை ஓரம் கட்டி, முதலில் இவர்களைத்தான் போகச் சொன்னார்கள். மெஷினைக் கழற்றவில்லை. ரெஃப்ரி பின்னால், அவர் கையைப் பிடித்தபடி மகள். வெள்ளைக் காரை லாரி கிளீனர் ஓட்டி வருவதாக ஏற்றுக்கொண்டான்.

ஒரு பக்கம் ஈர மண் சுவர், மறுபக்கம் பாதாளம். சக்கரத்துக்கு அடியில் கல் புரண்டது. சைலன்சர் வண்டியைத் தடவிக்கொடுக்கிற மாதிரி நகர்த்தினார். ஏற்றத்தில் கம்ப்ரஸர் மூச்சை இழுத்தது. பின்னால் மெஷின் மூச்சைக் கொடுத்தது. அவருக்குக் காதும் முதுகும் வேலை செய்தன. வண்டியின் உடம்பு இப்போது அவருக்குப் புரிந்தது. எந்த இடத்தில் அது திணறுகிறது, எந்த இடத்தில் ஆசுவாசப்படுகிறது என்று மச்சினி திரையில் பார்ப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. திணறும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கணவாயைத் தாண்டி வண்டி சமனானதும்தான் எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

"கோல்" என்றார் ரெஃப்ரி பின்னாலிருந்து, மெதுவாக.

மகள் போனில் சொல்லிவைத்திருந்த ஆஸ்பத்திரி, மலையின் அந்தப் பக்கத்து அடிவாரத்தில் இருந்தது. வாசலில் நர்ஸ்கள் தள்ளுவண்டியோடு நின்றார்கள். வயரைக் கழற்றும் முன் ரெஃப்ரி ஜன்னல் விளிம்பில் கையை வைத்து, வண்டியை இரண்டு தடவை தட்டினார். நன்றாக விளையாடிய ஆட்டக்காரனின் முதுகைத் தட்டுகிற மாதிரி இருந்தது. மகள் மச்சினியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இனிச் சொல்லப்போவது ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாதது. மலையின் அந்தப் பக்கத்தில் ஹைட்ரஜன் நிரப்புகிற இடம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததில் பெரும்பங்கை ஏற்றமும் மெஷினும் தீர்த்திருந்தன. மறுநாள் பாதை திறந்ததும் அந்த வண்டி வேறொரு லாரியின் முதுகில் ஏறித்தான் ஊர் திரும்பியது.

"இதுதான் மாமா இன்னும் குறை. வண்டி தயார், பங்க்தான் இல்ல" என்றாள் மச்சினி. ஆபீசுக்குப் போன் செய்து இதைத்தான் முதலில் சொன்னாள். அப்புறம் லாரி கேபினில் ஜன்னலோரம் சாய்ந்தவள், இரண்டு வளைவு தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

சைலன்சர் தூங்கவில்லை. போனில் மனைவி, "முழுசா வந்து சேருவீங்களா?" என்று கேட்டபோது, "வரேன், வந்து எல்லாம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பக்கக் கண்ணாடியில், பின்னால் கயிறு கட்டி வைத்திருந்த காரின் மூக்கு தெரிந்தது.

லாரி ஓட்டியவர் இளவட்டம். வழியெல்லாம் அடக்கிக்கொண்டிருந்த கேள்வியைக் கடைசியில் கேட்டுவிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். என்னோட டீசல் வண்டி மேலதான் ஏறி வருது உங்க புது வண்டி. அதுல அப்படி என்னதான் சார் இருக்கு?"

கேலி பண்ணுகிறார் என்று சைலன்சருக்குத் தெரிந்தது. ஆனால் கோபம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் யோசித்தார். கண்ணாடியைப் பாதி இறக்கினார். மலைக்காற்று குளிர்ந்து முகத்தில் மோதியது. கையை வெளியே நீட்டி, அதன் எடையை விரல்களில் உணர்ந்தார்.

"தம்பி" என்றார், "காத்து இருக்குல்ல, காத்து..."

ஊர் வந்து சேரும் வரைக்கும் அவர் நிறுத்தவே இல்லை. பாதி வழியில் அந்த இளைஞர் ரேடியோவை அணைத்துவிட்டார்.